சீன எழுத்தும் ஆங்கிலக் கணிப்பொறியும்



தலைநகரில் நாம் மொழிபெயர்ப்புப் பணி புரியும் அலுவலகத்தில், நமக்கு அடுத்த மேசை ஒரு வங்காள அன்பருடையது. சாந்திநிகேதனத்துச் சீன பவனத்தில் சீனம் பயின்றவர். அலுவலகத்தில் அனைவரும் அவரைத் 'தாதா' என்பர். வங்க மொழியில் அண்ணன் என்று பொருள். சில ஆண்டுகளுக்கு முன் அவர், சீன நாட்டில் ஆக்கப்பெற்ற பழைய அகராதி மென்பொருள் ஒன்றைத் தம் கணிப்பொறியில் நிறுவினார். அக்கணிப்பொறியோ ஆங்கிலத்திற்கென அமைக்கப்பெற்றது. திரை திறந்தது, சீன எழுத்து ஒன்றேனும் தோன்றவில்லை. தலையில் இரு புள்ளி சூடிய 'ஓ', குறுக்கே கோடு தாங்கிய 'டி' என ஐரோப்பிய எழுத்துகளே வரிசையாய் நின்றன.

"இது எந்த நாட்டு மொழி, தாதா?" என்று வினவினோம்.

"எந்த நாட்டதும் அன்று" என்றார் அவர். சீனர் இதனை 'லுவான்மா' என்பர்; குழம்பிய குறி என்பது அதன் பொருள்.

கணிப்பொறிக்கு எழுத்து என்பது எண்ணே. ஓர் எண்ணுக்கு எவ்வெழுத்து என்பதை ஓர் அட்டவணை சொல்லும். ஆங்கிலத்திற்கும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கும் 256 இடங்கள் கொண்ட அட்டவணை போதியதாயிற்று. பல்லாயிரம் எழுத்துகளையுடைய சீனம் அதனுள் அடங்குமோ? ஆகவே ஓர் எழுத்துக்கு இரண்டு எண்கள் என வகுத்தனர். சீன அரசு 1980-ஆம் ஆண்டில் வகுத்த அட்டவணையில் 6,763 சீன எழுத்துகள் இடம்பெற்றன. தைவானில் 1984-இல் எழுந்த 'பிக் ஃபைவ்' அட்டவணையோ 13,000-க்கும் மேற்பட்ட எழுத்துகளைக் கொண்டது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல. நடு என்னும் பொருளுடைய சீன எழுத்து, முன்னதில் 214, 208. பின்னதில் 164, 164. தாதாவின் கணிப்பொறி 214-ஐத் தனியாகவும் 208-ஐத் தனியாகவும் படித்தது. புள்ளி சூடிய 'ஓ'வும் கோடிட்ட 'டி'யும் பிறந்தது அவ்வாறே.

ஊரிலிருந்து வந்த திருமண அழைப்பு, உரிய எழுத்துரு இன்மையால், ஆங்கில எழுத்துக் குவியலாய்த் திரையில் கிடந்ததை நம்மிற் பலரும் ஒரு காலத்தில் கண்டதுண்டு. ஆங்கே எழுத்துருவைப் பெற்று நிறுவினால் துயர் தீர்ந்தது. தாதாவும் அவ்வாறே எண்ணிச் சீன எழுத்துருக்கள் பலவற்றை நிறுவினார், பயன் விளையவில்லை. எழுத்துரு இல்லையெனில் திரையில் தோன்றுவன வெறுங் கட்டங்கள். ஐரோப்பிய எழுத்துகள் தோன்றினால் பிழை அட்டவணையில். இவ்விரண்டினும் மூலம் கெடுவதில்லை. சரியாகப் படிக்கும் நாளில் அது மீண்டும் தோன்றும். வினாக்குறிகள் தோன்றினால்தான் அஞ்சுதல் வேண்டும்.

அவ்வச்சம் நேர்ந்தே விட்டது. ஆறு வாரம் உழைத்துத் தொகுத்த வணிகச் சொற்பட்டியலைத் தாதா அந்த மென்பொருளின் குறிப்பேட்டில் ஒட்டினார். ஆங்கில அட்டவணையில் இடமில்லாத ஒவ்வொரு சீன எழுத்துக்கும் ஈடாகக் கணிப்பொறி ஒரு வினாக்குறியை எழுதியது. அதனையும் திரைக் குழப்பத்தின் ஒரு பகுதியென்று கருதி, அவர் சேமித்து, மூலத்தையும் அழித்துவிட்டார். எல்லா வினாக்குறியும் ஒரே எண். எது எவ்வெழுத்தாயிருந்தது என்று எவரால் கூற இயலும்? அன்று மாலை அவர் தேநீருக்கும் எழுந்து வரவில்லை.

மருந்து எளியது. விண்டோஸ் கணிப்பொறியின் கண்ட்ரோல் பேனலில் 'ரீஜன்' என்னும் பகுதியைத் திறந்து, 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' என்னும் ஏட்டிற்குச் செல்க. யூனிக்கோடு அறியாத மென்பொருள்களுக்குரிய மொழி யாது என அங்கே ஒரு வினா உண்டு. சீன நாட்டு மென்பொருளாயின் எளிய வடிவச் சீனத்தையும், தைவானத்ததாயின் மரபு வடிவச் சீனத்தையும் தேர்ந்து, கணிப்பொறியை அணைத்து மீண்டும் இயக்குக. அவ்விடத்திலேயே உலக மொழிகள் அனைத்திற்கும் யூனிக்கோடே என்றொரு சிறு கட்டம் இருக்கும். பெயரைக் கண்டு மயங்கி அதில் குறியிட்டால், பழைய சீன மென்பொருள் மீண்டும் குழம்பும். திரைப்பட்டியல்களின் மொழியை மாற்றுவது வேறு செயல். அது நோயைத் தொடுவதே இல்லை. நாமும் தாதாவும் ஒரு முற்பகல் முழுவதும் அதில்தான் கழித்தோம்.

இம்மருந்துக்கும் ஒரு பின்விளைவு உண்டு. இம்மாற்றம் யூனிக்கோடு அறியாத எல்லா மென்பொருளையும் பற்றும். மூன்றாம் மேசையில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் தாதாவின் கணிப்பொறியில் தம் பழைய கோப்பொன்றைத் திறந்தார். குறியிட்ட பிரெஞ்சு எழுத்தொன்று, அடுத்து நின்ற எழுத்தையும் சேர்த்துக்கொண்டு சீன எழுத்தாகிவிட்டது. அதன் பொருளைத் தாதா படித்துச் சொல்ல, அவர் நகைத்தாரில்லை.

யூனிக்கோடு 1991-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் 20,902 சீன எழுத்துகள் அதனுள் சேர்ந்தன. நடுவைக் குறிக்கும் எழுத்துக்கு அங்கே 20013 என்னும் ஒரே எண். புதிய மென்பொருள்கள் அதனைப் பின்பற்றுவதால் இத்தொல்லை அருகிவிட்டது. ஆயினும் பழைய அகராதிகளை யார் மீண்டும் எழுதித் தருவார்?

தாதாவின் சொற்பட்டியலில் ஏறத்தாழ முற்பாதி, திருத்தத்திற்காக எடுத்த தாட்படியில் எஞ்சியிருந்தது. அதனை அவர் மீண்டும் தட்டச்சு செய்தார். நாம் அருகிலிருந்து ஆங்கிலச் சொற்களை வாசித்துக் கொடுத்தோம். பிற்பாதியை இன்னும் தொகுத்து வருகிறார்.