ஐயாவின் கணக்குக் கொப்பி



தந்தையிடம் கற்றவை பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று நாம் வகுத்து வைத்திருக்கும் நம்பிக்கைகளைத் தொடாமல் என்னால் அதைப் பேச முடியாது. இலக்கிய நிகழ்ச்சி என்பதால் ஓர் உரையாசிரியரிடமிருந்தே தொடங்குகிறேன்.

அறிய வேண்டியவற்றை அறிந்த மக்களைப் பெறுவதைவிடப் பெரிய பேறு இல்லை என்று வள்ளுவர் சொன்னதை நாமெல்லோரும் படித்திருக்கிறோம். அந்தக் குறளுக்கு உரை எழுதவந்த பரிமேலழகர், 'மக்கள்' என்ற சொல்லில் இவ்விடத்தில் பெண் அடங்காது என்று ஒதுக்கிவிடுகிறார். காரணம், அறிவு என்ற அடைமொழி முன்னே நிற்கிறதாம். அதே அதிகாரத்தில், தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்டுத் தாய் மகிழ்வதாக ஒரு குறள் வருகிறதல்லவா? அவள் ஏன் பிறர் சொல்லிக் கேட்க வேண்டும்? பெண்ணின் இயல்பு காரணமாகத் தானே அறியமாட்டாள் என்பது அவர் தரும் விளக்கம். நாம் 'மக்கட்பேறு' என்று படிக்கும் அதிகாரத்துக்கு அவர் கொண்ட பெயரே 'புதல்வரைப் பெறுதல்'தான்.

பரிமேலழகரின் இலக்கண நுட்பத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் ஆறுமுக நாவலர் பதிப்பித்த உரை அது. எங்கள் பண்டிதர்கள் வரி பிசகாமல் ஒப்புவித்த உரை. யாழ்ப்பாணத்து மாணவனுக்குக் குறளும் அந்த உரையும் ஒரே புத்தகம். மூலத்தில் இல்லாத ஒன்று உரையில் ஏறி, உரையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டது. அல்லது வீட்டிலிருந்துதான் உரைக்குப் போயிற்றோ, யார் கண்டது?

என் ஐயா பரிமேலழகரைப் படித்தவரல்லர். ஐந்தாம் வகுப்போடு மண்வெட்டியைப் பிடித்தவர். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வைத்து எங்களை வளர்த்தார். வீட்டில் பிள்ளைகள் மூவரும் பெண்கள். அதற்காக அவர் கவலைப்பட்டதை நான் காணவில்லை. ஆனால் பெண் இன்னதுதான் செய்வாள், இன்னது செய்யமாட்டாள் என்ற எண்ணம், உரையைப் படித்தவர்களிடம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு அவரிடமும் இருந்தது.

விடியப்புறம் நாலு மணிக்கு அவருடைய நாள் தொடங்கும். நான் சிறுமியாக இருந்த காலத்தில் இன்னும் துலா இருந்தது. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் தோட்டத்தில் நின்று வாய்க்காலை வெட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். ஐயா துலா மிதித்த நாட்களில் அவருடைய கால்களைப் பார்த்தவர்களுக்கு, வேலை என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தண்ணீர் மாறும் வேலை அவருடையதானால் கடைசிப் பாத்திவரை நடந்து போய்க் காலால் மண்ணை அமத்திப் பார்ப்பார். கிணற்றடியில் நிற்பவனுக்கு அந்தப் பாத்தி தெரியாது, ஏமாற்றலாம். ஐயா ஏமாற்றியதில்லை. இதை அவர் எங்களுக்குப் புத்திமதியாகச் சொன்னதுமில்லை.

அம்மாவோ, கூலிக்கு வந்த பெண்களோ துலாவில் ஏறியதில்லை. கேட்டால், அதற்குப் பலம் வேண்டும் என்பார்கள். சரி, பலம்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். 1960களின் நடுப்பகுதியில் எங்கள் கிணற்றுக்கு நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற சின்ன இயந்திரம். கயிற்றைச் சுற்றி ஒரு இழுவை, அவ்வளவுதான். துலாவோடு சேர்ந்து பலம் என்ற காரணமும் போய்விட்டது. அப்போதாவது அது அம்மாவின் கைக்கு வந்ததா? இல்லை. "மிசின் ஆம்பிளையளின்ர வேலை" என்று புதிதாக ஒரு வழக்கம் மறுநாளே பிறந்துவிட்டது. ஆயிரம் வருடப் பழக்கம்போல எல்லோரும் அதை நம்பினார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நெல் குற்றுவதும் மா இடிப்பதும் பெண்களின் வேலை. உலக்கை பிடித்தவர்களுக்குத் தெரியும், அது துலாவுக்கு இளைத்த வேலையல்ல. சந்தியில் மில் வந்தபோது அந்தப் பாரம் குறைந்தது. ஆனால் மில்லை ஓட்டினது யார்? ஆண்தான். அரைகூலி வாங்கினதும் அவன்தான். பெண்ணின் வேலைக்கு இயந்திரம் வந்தால், இயந்திரம் ஆணிடம் போகிறது. ஆணின் வேலைக்கு இயந்திரம் வந்தால் அதுவும் ஆணிடமே நிற்கிறது. பலம் என்பது சாக்கு. காசு புழங்கும் இடம் எதுவோ அது ஆணின் இடம் என்பதே உள்ளே கிடந்த கணக்கு.

ஐயா நன்றாகச் சமைப்பார் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். துடக்கு என்று சொல்லி, மாதத்தில் மூன்று நாள் அம்மா அடுப்படிக்குப் போவதில்லை. பெண்ணைத் தள்ளிவைக்கிற அந்த வழக்கம் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ ஆண்களுக்குச் சமையல் படிப்பித்திருக்கிறது! ஐயா வைக்கும் மீன் குழம்பை அம்மாவே புகழ்ந்திருக்கிறா. ஆனால் படலையடியில் ஆள் குரல் கேட்டால் போதும். அகப்பையை வைத்துவிட்டுச் சால்வையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் கிடக்கும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வருவார். மேடையில் பாரதியின் புதுமைப்பெண்ணை முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து 'தேத்தண்ணி' என்று குரல் கொடுக்கிறவர்களை நான் பின்னாளில் நிறையச் சந்தித்தேன். அவர்களுக்கு நேர்மாறானவர் ஐயா. அவர் செய்தது ஒன்று, ஊருக்குக் காட்டியது அதைவிடக் குறைவு.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிய நாளில் தகப்பனின் தொழில், தாயின் தொழில் என்று இரண்டு கோடுகள் இருந்தன. முதலாவதில் 'கமம்' என்று எழுதினேன். "அம்மாவுக்கு என்ன ஐயா எழுத?" என்று கேட்டேன். அம்மா அப்போது தோட்டத்தில் வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தா. ஐயா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவவும் கமம்தானே, எழுது பிள்ளை" என்றார். எழுதினேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வெட்டி 'வீட்டுப்பணி' என்று திருத்தினார். அவர் கெட்டவரல்லர், குறளை உரையோடு படித்தவர்.

பதினைந்து வயதில் ஐயாவின் கணக்குக் கொப்பி என் கைக்கு வந்தது. அவருக்கு எழுத்து ஓடாது. அவர் சொல்ல நான் எழுதுவேன். 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் அவை. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் வெங்காயத்தினதும் மிளகாயினதும் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்குப் பொற்காலம். (1960இல் உலகின் முதற் பெண் பிரதமரானவரின் புண்ணியத்தில் காசு பார்த்தவர்களே, பெண் ஆண்டால் நாடு உருப்படுமா என்றும் கேட்டார்கள்.) மண்ணெண்ணெய் இவ்வளவு, பசளை இவ்வளவு, கொத்துகூலி இவ்வளவு, புல்லுப் பிடுங்கின பெண்களுக்கு இவ்வளவு என்று ஒரு சதம் தவறாமல் எழுதுவிப்பார். அம்மாவின் பெயர் மட்டும் அந்தக் கொப்பியில் எங்கும் இல்லை. அந்தப் பெண்களோடு நின்று அவர்களுக்குச் சமமாகவும், அவர்கள் போன பிறகு விளக்கு வைக்கும்வரையும் அம்மா வேலை செய்தா.

ஒரு போகத்தின் முடிவில் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. அம்மா தோட்டத்தில் நின்ற நாட்களை எண்ணிப் பெண்கூலிக் கணக்கில் பெருக்கி, வந்த இலாபத்திலிருந்து கழித்துப் பார்த்தேன். மிஞ்சியது சொற்பம். கொப்பியை ஐயாவிடம் காட்டினேன்.

நெடுநேரம் பார்த்தார். "வீட்டு ஆளுக்கு ஆரும் கூலி போடுறதோ?" என்றார். பிறகு, கோபமில்லாமல், "என்ரை கூலியும் உதிலை இல்லைத்தானே, பிள்ளை" என்றார்.

அது உண்மை. அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகே அந்த மறுமொழி எனக்குப் புரிந்தது. இருவருடைய கூலியும் கணக்கில் இல்லைத்தான். ஆனால் மிஞ்சிய காசு போய்ச் சேர்ந்தது ஐயாவின் மடிக்கு. அம்மா ஒரு சேலைக்கு அவரிடம்தான் கேட்க வேண்டும். இன்னொன்றும் கொப்பியில் இல்லை: காணிக்கு வாடகை. அந்தத் தோட்டம் அம்மாவின் சீதனக் காணி.

தேசவழமை பெண்ணுக்குச் சொத்துக் கொடுத்த சட்டம் என்று எங்களில் பலர் பெருமைப்படுவதுண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுக்கப்பட்ட அந்த வழமையில் தாயின் சீதனம் மகளுக்கு வருகிறது. அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். கணவன் தன் காணியை விற்க மனைவியிடம் அப்படிச் சம்மதம் வாங்க வேண்டியதில்லை. என் மேற்படிப்புக்காகக் காணியில் ஒரு துண்டை விற்கவேண்டி வந்தபோது, நொத்தாரிசு ஐயாவைப் பார்த்துத்தான் பேசினார். அம்மா வெளிவிறாந்தையில் இருந்து, "என்ரை தாய் தந்த காணி. உவர் ஒப்பம் வைச்சாத்தான் எனக்குச் சொந்தம்" என்று சிரித்தா. ஐயா சிரிக்கவில்லை. ஒப்பம் வைத்துவிட்டு, காசை எண்ணாமல் அம்மாவின் கையில் கொடுக்கச் சொன்னார். அவர் காசை எண்ணாமல் விட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

செயல் ஒரு பக்கமும் நம்பிக்கை ஒரு பக்கமுமாக வாழ்ந்தவர் ஐயா மட்டுமல்லர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென ஒரு கல்லூரி நிறுவினார். எத்தனை தலைமுறைப் பெண்கள் அங்கே படித்துத் தலைநிமிர்ந்தார்கள்! அவரே சர்வஜன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தவரும்கூட. அவர் மறைந்த மறுவருடம், 1931இல், இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். பெரியவர்கள் செய்து வைத்ததை எடுத்துக்கொண்டு, அவர்கள் நம்பியதை அவர்களிடமே விட்டுவிடுவதில் நன்றிகேடு ஒன்றும் இல்லை என்பது என் துணிபு. கடைசிப் பாத்திவரை நடக்க ஐயாவிடம்தான் படித்தேன். நடந்து போய்ப் பார்த்தால் அங்கே அம்மா நின்றா.

ஒரு விடயத்தில் அவர் கடைசிவரை மாறவில்லை. ஆண்கூலியில் ஏறத்தாழ அரைவாசிதான் பெண்கூலி. ஏனென்று கேட்டால் "ஊர் நடப்பு" என்பார். மலையகத் தோட்டங்களில் ஆண், பெண் நாட்கூலி சமமாக்கப்பட்டது 1984இல்தான். அதற்கும் வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்துக் காட்டினேன். "அது அங்கை" என்றார். மிளகாய்ப் பழம் ஆய நாள் முழுதும் குனிந்து நிற்கிறவளுடைய முதுகு, கொத்துகிறவனுடைய முதுகைவிட மலிவானது என்று அவர் நினைத்தாரா? இல்லை, அவர் அதை ஒருபோதும் நினைத்துப் பார்க்கவில்லை. நல்ல மனிதர்களிடத்தில் இந்த நம்பிக்கைகள் தங்குவது இப்படித்தான்.

ஐயா 1986இல் காலமானார். கொப்பி அம்மாவின் கைக்கு வந்தது. அடுத்த வெங்காய நடுகைக்கு வந்த பெண்களுக்கு, கொத்தின ஆண்களுக்குக் கொடுத்த அதே கூலியை அம்மா எண்ணிக் கொடுத்தா. அயல் தோட்டக்காரர் இருவர் படலைக்கு வந்து, "உங்களாலை எங்களுக்கும் கூலி ஏறப்போகுது, அக்கா" என்றார்கள். "அவர் இருந்தால் குடுக்கமாட்டார்தான். இப்ப நானெல்லோ குடுக்கிறன்" என்று அம்மா சொன்னா. முதலில் அயல் வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டு இயந்திரத்தைத் தொடக்குவித்தவ, 1990க்குப் பிறகு பெடியன்களும் இல்லை, மண்ணெண்ணெயும் அரிது என்றானபோது, ஒரு துளியும் வீணாகாமல் தானே கயிற்றை இழுத்தா.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் வீட்டைவிட்டுப் புறப்பட்டது. அம்மாவும் ஒரு துணிப்பையோடு நடந்தா. புறப்படுவதற்கு முதல், முதல்நாள் புல்லுப் பிடுங்கின மூன்று பெண்களையும் ஒழுங்கையில் தேடிப் பிடித்துக் கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தா.