வார்டு வாசலில் நின்றவர்கள்: தலைமையுரை

கொள்ளைநோய்க் காலத்தில் மறதிநோயாளரைப் பராமரித்தவர்கள் என்ற பொருளின் அடிப்படைகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனும் மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்ற லாசி-டாட் ஆய்வின் கணிப்பை அறிவீர்கள். மாலை நடை நின்றதும் அந்திநேரப் பதற்றம் கூடியது, முகக்கவசம் அணிந்த மகளை யாரோ என்று தாய் விரட்டியது போன்றவற்றை அடுத்த அமர்வுகள் பேசும்.

நான் பேச வந்தது, நாம் படிக்காமல் கடந்துவிட்ட சில வரிகளைப் பற்றி. 2020 மார்ச் 25, நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியாயின. எந்த மருந்தை எழுதலாம், வீடியோவில் பார்ப்பதா தொலைபேசியில் பேசுவதா என்றே அவற்றைப் பற்றி விவாதித்தோம். நோயாளி உடனில்லாமல் பராமரிப்பவர் மட்டும் மருத்துவரிடம் பேசுவது பற்றியும் அவற்றில் ஒரு பகுதி உண்டு. நோயாளி செயலாற்ற இயலாதவராக இருந்தால், அவர் சார்பில் பேசும் அதிகாரம் பராமரிப்பவருக்கு உண்டு என்றே கொள்ளப்படும் என்கிறது அது. அதற்கு எடுத்துக்காட்டாக டிமென்ஷியாவைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் வந்த வீட்டுத் தனிமை நெறிமுறையோ, 24 மணி நேரமும் ஒரு பராமரிப்பவர் உடனிருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது.

ஆக, தொலைபேசியில் பேசப் பராமரிப்பவர் வேண்டும். வீட்டில் கண்விழிக்கவும் அவர்தான் வேண்டும். ஆனால் நோயாளியைக் கொரோனா வார்டில் சேர்த்ததும் அவரை வாசலிலேயே நிறுத்தினோம். வேட்டியைப் பிடித்து இழுத்தால் கழிப்பறை போக வேண்டும் என்று பொருள், மாத்திரையைத் தயிர்ச்சோற்றில் வைத்தால்தான் விழுங்குவார் என்பதெல்லாம் மனைவிக்கு மட்டுமே தெரிந்த மருத்துவக் குறிப்புகள். அவை வார்டுக்கு வெளியே நின்றன. தொற்று பரவும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் வீட்டில் அதே நோயாளியோடு ஒரே அறையில் இருந்தவரை, கவச உடை கொடுத்து உள்ளே விட்டிருக்க முடியாதா?

இங்கே நண்பர்கள் சிலரோடு எனக்கு நீண்டநாள் வழக்கு ஒன்று உண்டு. அவர்கள் உழைப்பை மதித்தே சொல்கிறேன். சாரிட் சுமை அளவுகோலின் 22 கேள்விகளைக் கொண்டே பராமரிப்பவரை அளந்துவருகிறோம். மனம் சோர்ந்ததா, கோபம் வந்ததா என்று அது கேட்கும். பகல்நேர ஆயாவுக்கு ஊரடங்கில் வந்துபோக இ-பாஸ் கிடைத்ததா, மருத்துவமனை உங்களை உள்ளே விட்டதா என்று கேட்காது. மதிப்பெண் கூடினால் பராமரிப்பவருக்கு மனவலிமைப் பயிற்சி பரிந்துரைக்கிறோம். அவருக்கு அன்று தேவைப்பட்டது உள்ளே போக அனுமதி. கூட்டுக்குடும்பம் நம்மைக் காக்கும் என்று முந்தைய கருத்தரங்கில் வாதிட்ட அறிஞர்களையும் பணிவோடு மறுக்கிறேன். குடும்பம் என்று நாம் எழுதியது பெரும்பாலும் ஒரே மகளை அல்லது மருமகளை. ஆயா வராத நாளில் அவருக்கு மாற்று ஆள் இல்லை.

பிரிட்டனில் 2014இல் தொடங்கிய ஜான்ஸ் கேம்பெய்ன், டிமென்ஷியா நோயாளியோடு மருத்துவமனையில் உடனிருக்கும் உரிமையைக் கேட்டுவந்தது. அதனால் 2020இல் பராமரிப்பு இல்லங்கள் கதவடைத்தபோது சட்டவழியில் எதிர்க்க அங்கே ஓர் இயக்கம் ஆயத்தமாக இருந்தது. நம்மிடம் இயக்கம் இல்லாவிட்டாலும் அரசே எழுதிய வரிகள் உள்ளன. தொலைபேசிக்குப் பொருந்தும் அந்த அதிகாரம் வார்டு வாசலுக்கும் பொருந்த வேண்டும், சேர்க்கைப் படிவத்திலேயே உடனிருப்பவரின் பெயர் பதிவாக வேண்டும் என்று இந்த அவை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். வரைவை நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். மாலை அமர்வில் முன்வைக்கிறேன். மறுப்புள்ளவர்கள் அங்கே மறுத்துப் பேச அழைக்கிறேன்.