மறியலிலிருந்து வந்தவனுக்கு யார் பேர் போடுவது?

(தோட்ட வாசிகசாலையில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இந்த மாதம் போசாக்கைப் பற்றிப் பேசுவதாகத்தான் அறிவித்தல் ஒட்டியிருந்தோம். அதை அடுத்த மாதம் வைத்துக் கொள்வோம். அண்மையில் காத்தான்குடிக்குப் போய் வந்தேன். அங்கே பார்த்தது மனதைக் குடைந்து கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லாமல் கீரையையும் பருப்பையும் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பதுளையிலிருந்து செங்கலடி வீதியால் இறங்கினால் மட்டக்களப்புக்குப் போகலாம். கல்லடிப் பாலத்தைத் தாண்டி, கல்முனை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் காத்தான்குடி. ரோட்டு நடுவில் வரிசையாகப் பேரீச்சை மரம், இரண்டு பக்கமும் கடை, கடை, கடை. நம்ம தோட்டத்துப் பையன் ஒருவன் அங்கே ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறான். யார் என்று உங்களுக்குத் தெரியும், பேர் வேண்டாம்.

கசிப்புக் கேசில் அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவன் அவன். நம்ம நாட்டு மறியல்களில் தண்டனைக்குப் போகிறவர்களில் பெருந்தொகையானவர்கள் இப்படிக் காசு கட்ட முடியாமல் போனவர்கள்தான். வெளியே வந்தவன் பெரட்டுக்களத்தில் மூன்று நாள் நின்றான், பேர் போடவில்லை. கொந்தரப்பு வேலைக்குப் போனான். "ஏதாச்சும் காணாமப் போனா யாரு பதில் சொல்றது?" என்றார்கள், அவனோடு ஒன்றாய்ப் பள்ளிக்கூடம் போனவர்கள். பிறகு என்னிடம் ஒரு கடிதம் கேட்டு வந்தான். "அடுத்த கிழமை வா தம்பி, பார்ப்போம்" என்றேன். அடுத்த கிழமையும் அதையேதான் சொன்னேன். மூன்றாம் கிழமை அவன் வரவில்லை, பஸ் ஏறிவிட்டான். கடிதம் எழுத எனக்குப் பத்து நிமிஷம் போதும். நான் எழுதவில்லை. அதையும் இந்தச் சபையில் சொல்லத்தான் வேண்டும்.

கடை முதலாளி ஒரு வயதான ஹாஜியார். தேத்தண்ணி தந்து உட்கார வைத்தார். நான் மெதுவாகக் கேட்டேன், "ஹாஜியார், இவன் மறியல்ல இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? வந்த அண்டைக்கே அவனே சொல்லிட்டான். என்ட தங்கச்சிட மகனும் உள்ளுக்கு இரிந்தவன்தானே" என்றார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்து 260க்கு மேற்பட்ட சனங்களைக் கொன்றார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவன் காத்தான்குடியில் பிறந்தவன். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பையன்கள் பலரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து, மாதக் கணக்காக, சிலரை வருடக் கணக்காக வைத்திருந்தார்கள். 1979ஆம் வருடத்துச் சட்டம் அது. நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே 18 மாதம் வரை தடுத்து வைக்க இடமிருந்தது, 2022இல்தான் அதை 12 மாதமாகக் குறைத்தார்கள். நம்ம மலைநாட்டுப் பையன்களும் யுத்த காலத்தில் இதே சட்டத்தில் போனவர்கள்தானே. வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஹாஜியாரின் மருமகன் மேல் கடைசிவரை ஒரு குற்றப்பத்திரமும் இல்லை, விட்டுவிட்டார்கள். கொம்பியூட்டர் படித்த பிள்ளை. பழைய கம்பனி எடுக்கவில்லை. சொந்த ஊரிலும் எடுக்கவில்லை. "இவனுக்கு வேல குடுத்தா நம்மளையும் விசாரிப்பாங்க" என்ற பயம். 2009க்குப் பிறகு புனர்வாழ்வு முகாம்களில் இருந்து வந்த சுமார் 12,000 பேரில் பலரும் இதையே சொன்னார்கள். கொத்தனார் வேலை, தச்சு வேலை பழகியிருந்தார்கள். ஆனால் அடிக்கடி ஆள் வந்து விசாரித்தால் எந்த முதலாளி வைத்திருப்பான்?

ஹாஜியார் இரண்டு பேரையும் வைத்துக் கொண்டார். சும்மா நம்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள். "உங்கட பொடியன ஆறு மாசம் கல்லாப் பக்கம் விடல்ல. ஏன் விடல்லன்டு அவன்டயே முகத்துக்கு நேர சொன்ன நான். இப்ப கடைச் சாவி அவன்ட கையில" என்றார். முகத்துக்கு நேரே சொன்னாராம். நம்ம ஆட்கள் என்ன செய்கிறோம்? முகத்துக்குச் சிரித்துவிட்டு லயத்துக்குப் பின்னால் பேசுகிறோம்.

வீட்டில் ஒருவர் உள்ளே இருந்தால் சில காரியங்களைக் கவனியுங்கள். விளக்கமறியல் வேறு, தண்டனை வேறு. விளக்கமறியலில் இருந்தவர் குற்றவாளி என்று யாரும் தீர்க்கவில்லை. வழக்குத் தள்ளுபடியானால் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டளையின் அத்தாட்சிப் பிரதி எடுத்து வையுங்கள். வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், காகிதத்தைக் கேட்பார்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் உடனே விண்ணப்பியுங்கள், அது இல்லாமல் எந்த வேலையும் கிடையாது. சேமலாப நிதிக் காசு மறியலுக்குப் போனதால் அழிந்து போகாது, செக்றோலில் வேலை செய்த காலத்துக் காசு கணக்கில் அப்படியே இருக்கும். சிலர் அது போய்விட்டதென்று நினைத்துக் கேட்காமலே விட்டிருக்கிறார்கள். சின்னக் குற்றம் என்றால், மறியலுக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை போட 1999ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. தண்டனைக்கு முன்பே சட்டத்தரணியிடம் அதைக் கேளுங்கள்.

கைதிகளை நடத்துவதற்கு ஐக்கிய நாடுகள் சபை 2015இல் திருத்திய விதிகளுக்கு மண்டேலாவின் பேர் வைத்திருக்கிறார்கள். வெளியே போகிறவனுக்கு அடையாளப் பத்திரம், தங்க இடம், வேலை, காலநிலைக்கு ஏற்ற உடுப்பு, ஊர் போய்ச் சேர வழிச்செலவு கிடைக்கப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 27 வருஷம் உள்ளே இருந்த மனுசன் 1994இல் ஜனாதிபதி ஆனார். நம்ம பையன் கேட்டது கவ்வாத்துக் கத்தி ஒன்றுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கீழ்ப்பிரிவைச் சேர்ந்த ஒருவர் வருகிற மாதம் பதுளை மறியலில் இருந்து வருகிறார். சொல்லலாம் என்று அவருடைய சம்சாரமே சம்மதம் தந்ததால்தான் சொல்கிறேன். இந்தத் தடவை கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். துரையிடமும் கேட்டேன். கவ்வாத்துக் கொந்தரப்பில் எடுக்கலாம், ஆனால் கூடச் சேர்ந்து வேலை செய்யக் கூட்டத்து ஆட்கள் சம்மதிக்க வேண்டும் என்றார். கவ்வாத்து ஆட்கள் ஏழு பேரும் இங்கேதான் இருக்கிறீர்கள், பின்வரிசையில். கூட்டம் முடிந்ததும் போய்விடாமல் கொஞ்சம் நில்லுங்கள், தேத்தண்ணி வரும்.