முத்துக்குளித்துறைச் சாலையில்

தூத்துக்குடியில் தொடங்கி, ஒரு புறம் கடலும் மறு புறம் பனங்காடும் துணைவர, கன்னியாகுமரி வரையில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் செல்லும் கடற்கரைச் சாலையைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். விரைந்து போகிறவர் அதை அரை நாளுக்குள் கடந்துவிடலாம். ஆயினும், ஊருக்கு ஊர் இறங்கி, அங்குள்ளோர் உண்பதை உண்டு, பருகுவதைப் பருகிச் செல்கிறவருக்கே அந்தச் சாலை தன் சரித்திரத்தைச் சொல்லும் என்பது என் திடமான அபிப்பிராயம். கப்பல் கொண்டுவந்து சேர்த்த சுவையும், மழை குறைந்த மணல் தானே ஈன்றளித்த சுவையும் அங்கே அடுத்தடுத்து வாழ்கின்றன.

கப்பல் தந்த சுவைக்குத் தூத்துக்குடி மக்ரூனைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. முட்டையின் வெண்கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரிப் பருப்பும் சேர்த்து, சிறு கூம்புகளாகப் பிழிந்து, அடுப்பின் இளஞ்சூட்டில் நெடுநேரம் உலரவிட்டு எடுக்கிறார்கள். வாயிலிட்ட மாத்திரத்தில் கரைந்து, முந்திரியின் மணத்தை மட்டும் நாவில் விட்டுச் செல்லும் பண்டம் அது. முத்துக்குளிப்பை நாடி வந்த போர்ச்சுக்கீசியர் வழியாகவே இப்பக்குவம் வந்ததென்று ஊரார் கூறுவர். முந்திரி மரத்தைப் பிரேசிலிலிருந்து நம் தேசத்துக்குக் கொணர்ந்தவர்களும் அவர்களே. பனிமய மாதா ஆலயத்தைத் தரிசித்து, வ. உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய ஊர் இது என்ற நினைவோடு துறைமுகத்தையும் கண்டு, ஒரு பொட்டலம் மக்ரூனுடன் தெற்கே புறப்பட்டால், வழியெங்கும் உப்பளங்கள் வெண்மையாய்ப் பரந்து கிடக்கும். மழை குறைந்து வெயில் மிகுந்த இந்தச் சீதோஷ்ணம் உழவருக்குப் பாதகமென்றாலும் உப்பு விளைவுக்கு அனுகூலம்.

பழையகாயலைத் தாண்டும்போது, மார்க்கோ போலோ வர்ணித்த காயல் துறைமுகம் இதுதான் என்று அறிஞர் பலர் கருதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பாண்டியரின் கொற்கையும் இதற்கு அண்மையில்தான் இருக்கிறது. தாமிரபரணி கொணர்ந்து குவித்த வண்டலால் கடல் விலகிப்போக, அந்த மகா பட்டினம் இன்று உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. ஆற்றைக் கடந்ததும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வந்து நிற்கும்.

காயல்பட்டினத்தில் யாரேனும் விருந்துக்கு அழைத்தால் மறுத்துவிடாதீர்கள். நெய்ச்சோறும் களறிக் கறியும் பரிமாறி, பலர் கூடியமர்ந்து சகன் எனும் ஒரே பெருந்தட்டில் கைவைத்து உண்ணும் அந்த உபசாரத்தில், அந்நியன் என்ற எண்ணமே விருந்தாளிக்கு எழ இடமில்லை. முட்டையையும் தேங்காய்ப் பாலையும் இனிப்போடு கலந்து ஆவியில் வேகவைக்கும் வட்டிலப்பம், கடலுக்கு அப்பால் இலங்கை முஸ்லிம்களின் இல்லங்களிலும் இதே பெயரோடு விளங்குவது, வணிகத்தாலும் மண உறவாலும் இரு கரைகளும் கொண்டிருந்த சம்பந்தத்தை நமக்கு உணர்த்துகிறது.

திருச்செந்தூரைப் பற்றி நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. அலை வந்து மோதும் கரையருகே நாழிக்கிணற்றில் நன்னீர் ஊறும் அதிசயத்தைக் கண்டு, பன்னீர் இலை விபூதியைப் பெற்று, சந்நிதித் தெருக் கடைகளில் சுக்கு மணக்கும் சில்லுக் கருப்பட்டியை வாங்கிக்கொண்டு உடன்குடிக்கு வாருங்கள். மணல் ஈன்ற சுவை அங்கேதான் இருக்கிறது.

உடன்குடியைச் சுற்றிலும் செம்மணல் தேரி. நெல்லும் வாழையும் நிலைகொள்ள அஞ்சும் அந்த மண்ணில், எவரும் நீர் வார்க்காமலே பனை செழித்து நிற்கிறது. விடியுமுன்னே அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டி மரமேறும் பனையேறி, இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்திய பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தை அதில் கட்டித் தொங்கவிடுகிறார். அந்தச் சுண்ணாம்புதான் இரவெல்லாம் சொட்டும் சாற்றைப் புளித்துக் கள்ளாகிவிடாமல் காக்கிறது. பாளையின் வாய் அடைபட்டுவிடாதிருக்க மாலையிலும் ஏறிச் சீவியாக வேண்டும். ஒரு மரத்துக்கு இப்படியென்றால், நாளொன்றுக்கு அவர் ஏறும் மரங்களோ பல. மரத்தடியில் நின்று, பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரும் பதநீரை, இளநுங்கு சீவிப் போட்டு, இரு கையாலும் ஏந்திப் பருகுகிறபோது, அந்த உடலுழைப்பையும் சேர்த்தே நாம் பருகுகிறோம் என்ற சிந்தனை எனக்கு எழாமல் இருந்ததில்லை.

எஞ்சிய பதநீர் விடிலிக்குப் போகிறது. ஓலை வேய்ந்த அக்குடிலில், புகையும் அனலும் கண்ணை எரிக்க, பெண்கள் காய்ந்த ஓலையையும் மட்டையையும் எரித்து, பாகு பதத்துக்கு வரும்வரை கிண்டிக் கொண்டே இருந்து, சிரட்டைகளில் வார்த்து ஆறவிடுகிறார்கள். ஏழெட்டு லிட்டர் பதநீர் சுண்டினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது மிகுந்த சந்தோஷத்துக்குரியது. எனினும், வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்துக் காய்ச்சிய போலிச் சரக்கு அதே பெயரில் உலவுகிறவரையில், மரமேறியவரின் வருமானத்தை அது அபகரித்துக்கொண்டுதான் இருக்கும். ஆதலால், விடிலியிலேயே நேரில் வாங்குங்கள். கேட்ட விலையைக் குறைத்துக் கேளாதீர்கள்.

அடுத்த மணப்பாட்டில், கருமேனியாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தருகே, மணற்குன்றின்மீது 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது; தூய சவேரியார் தங்கிய குகையும் அங்குண்டு. குன்றிலிருந்து பார்த்தால், கட்டுமரங்களும் படகுகளும் ஒதுங்கும் கரை ஒரு பக்கமும், பனங்காடு மறு பக்கமுமாக, இந்தச் சாலையின் முழு வாழ்வும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். கடலுக்குப் போன ஆடவர் பிடித்துவந்த மீன் குழம்பாகிறது. பெண்கள் பனங்குருத்தோலையில் பின்னிய பெட்டிகள் ஊர் ஊராகப் போகின்றன.

அதற்கப்பால் உவரியின் அந்தோணியார் திருத்தலம். சற்று உள்ளே, கால்டுவெல் பாதிரியார் 1841-இல் குடியேறி, பனையேறிகளின் மத்தியில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த இடையன்குடி. பிறகு கூடங்குளத்து அணுமின் நிலையம். முடிவில் யாவரும் அறிந்த குமரிமுனை. அங்கே பெரும்பாலான கடைகளில் கிடைப்பவை எந்தச் சுற்றுலாத் தலத்திலும் கிடைப்பவையே. பசியை உவரிப் பக்கத்திலேயே மீன் குழம்புச் சோற்றால் தீர்த்துக்கொண்டு போவது உசிதம்.

பதநீரை விரும்புவோர் பங்குனி, சித்திரை, வைகாசியில், வெயில் ஏறுமுன் உடன்குடியில் இருக்கும்படியாகப் பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் செல்கிறவர்களுக்குப் பதநீர் கிட்டாது. ஆனால் பனங்கிழங்கு கட்டுக் கட்டாகச் சந்தைக்கு வந்திருக்கும். மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, நாரை உரித்து, ஒரு குவளை கருப்பட்டிக் காபியோடு அதை உண்ணலாம்.