98.82: அரியலூர் கார்டை ஷேர் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கேளுங்க

(ஐடி விங் பயிற்சிக் கூட்டத்தில் நமது அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். பலர் கேட்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம்.)



எனக்கு மேடைப்பேச்சு வராது தோழர்களே. எக்செல் ஷீட்தான் வரும். அதனால கைதட்டலுக்கு இடம் விடாம நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

2025 பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு நம்ம வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரே கார்டுதான் ஓடுச்சு. "அரியலூர் 98.82 சதவீதம், மாநிலத்தில் முதலிடம்". நானும் தட்டி விட்டேன். பத்து நிமிஷத்துல கீழே ஒருத்தர் எழுதுறாரு: "எல்லாரையும் பாஸ் போட்டா 98 வரத்தான் செய்யும்." நம்ம ஆளுங்க அவரைத் திட்டித் தீர்த்தாங்க. பதில்னு ஒண்ணு, யாரும் சொல்லல. என்கிட்டயும் அப்ப பதில் இல்ல. அதுதான் உறுத்துச்சு.

பதில் இருக்கு. எல்லாரையும் பாஸ் போட்டிருந்தா எல்லா மாவட்டமும் ஒரே மாதிரி வந்திருக்கணுமே? மாநில சராசரி 95.03. அதாவது ஆயிரம் பேர் எழுதினா மாநில அளவுல சுமார் 50 பேர் தவறுறாங்க. அரியலூர்ல 12 பேர். கேள்வித்தாள் ஒண்ணுதான். சரி, ஒரு வருஷ அதிர்ஷ்டமா? 2024 பத்தாம் வகுப்புல 97.31 எடுத்து முதல்ல வந்ததும் இதே அரியலூர். பக்கத்து பெரம்பலூர் 2022 பிளஸ் டூவுல 97.95, 2023 பத்தாம் வகுப்புல 97.67, ரெண்டுலயும் முதலிடம். ஒரு காலத்துல ரெண்டும் ஒரே மாவட்டம்தான். அரியலூர் 2007-ல தனியா வந்தது.

இப்ப அந்த ஊர்ல யார் இருக்காங்கன்னு பாருங்க. இதைத்தான் நம்ம கார்டுல யாரும் போடறதில்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்துல 7,54,894 பேர். நகரத்துல வாழ்றவங்க நூத்துக்கு 11 பேர். தமிழ்நாடு முழுக்க எடுத்தா 48 பேர். பட்டியலின மக்கள் நூத்துக்கு 23 பேர், மாநில அளவை விட அதிகம். எழுத்தறிவு 71.34 சதவீதம். மாநிலம் 80.09. கிட்டத்தட்ட 9 புள்ளி கீழே. முந்திரிக்காடு, மானாவாரி நிலம், சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் லாரி. ஊட்டியும் இல்ல, ஓஎம்ஆரும் இல்ல.

அந்தக் கணக்கெடுப்பு நடந்தப்ப, 2025-ல பிளஸ் டூ எழுதின பிள்ளைக்கு வயசு மூணோ நாலோ. வீட்டுல அம்மாவோ பாட்டியோ கைநாட்டு. அதே பிள்ளைங்க 2025-ல மாநிலத்துலயே முதல்ல வந்தாங்க. 98.82-ஐ விட எனக்கு இந்த ஒரு விஷயம்தான் பெருசாத் தெரியுது. கார்டு டிசைன் பண்றவங்க ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, 71.34-ம் 98.82-ம். வேற வசனமே வேண்டாம்.

ஆனா நமக்குச் சாதகமா இல்லாததையும் சொல்லணும். தேர்ச்சி சதவீதம்ங்கறது தேர்வு எழுத வந்தவங்களை வெச்சுப் போடற கணக்கு. பத்தாவதோட நின்னு திருப்பூருக்கு வேலைக்குப் போன பையன் அந்த வகுத்தல்ல கீழேயும் இல்ல, மேலேயும் இல்ல. அப்புறம், அரியலூர் சின்ன மாவட்டம். மொத்தமே ஆறு ஒன்றியம். எந்தப் பள்ளியில எந்தப் பிள்ளை கணக்குல தடுமாறுதுன்னு பேரைச் சொல்லிப் பின்தொடர முடியும். பெரிய மாவட்டத்துல அது அவ்வளவு சுலபமில்ல. அதனால கடைசியில வந்த மாவட்டத்தைக் கிண்டல் பண்ணி மீம் போடாதீங்க, அங்கேயும் நம்ம பிள்ளைங்கதான். ஆண் பிள்ளைங்க பின்தங்கறதும் நிஜம்: 2025 பிளஸ் டூவுல மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16.

பாஸ் ஆனதோட எல்லாம் முடிஞ்சுதான்னு கேட்டா, அரியலூர்க்காரங்க கிட்ட அந்தக் கேள்வியைக் கேக்கவே வேண்டாம். குழுமூர் அனிதா 1200-க்கு 1176 எடுத்தவங்க. நீட் குறுக்கே நின்னதால மருத்துவக் கல்லூரிக்குள்ள போக முடியல. 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி அவங்களை இழந்தோம். இன்னைக்கு அரியலூர்லயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க ஒரு அரங்கத்துக்கு அவங்க பேரு வெச்சிருக்கோம். நீட் இன்னும் அங்கேயேதான் நிக்குது.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல வந்தது. கொண்டு வந்தது நம்ம ஆட்சி இல்ல, அதைச் சொல்றதுல நமக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. 2021-ல பொறியியல், வேளாண்மை, சட்டம்னு விரிவாக்கி, அந்தப் பிள்ளைங்களோட கட்டணத்தையும் அரசே ஏத்துக்கிட்டது நம்ம ஆட்சி. 2022-ல புதுமைப்பெண், 2024-ல தமிழ்ப் புதல்வன், மாசம் 1000 ரூபாய். நான் இன்ஜினியரிங் படிச்சப்ப மாசக் கடைசியில பஸ் காசுக்கு ஃப்ரெண்டுகிட்ட கை நீட்டியிருக்கேன். அந்த 1000-ஐ இலவசம்னு யாராவது நக்கலடிச்சா எனக்குக் கோபம் வரும்.

இதுக்கு நடுவுல, ஒன்றிய அரசு பிஎம் ஸ்ரீயில கையெழுத்துப் போடலைங்கறதுக்காக 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடியை நிறுத்தி வெச்சது. முதலிடம் வாங்கின பிள்ளைங்களோட பங்கும் அதுக்குள்ள இருக்கு. ரிசல்ட் கார்டு போடும்போது அந்த 2,152-ஐயும் சேர்த்துப் போடுங்க.

கடைசியா ஒரு வேலை. ரிசல்ட் வந்த வாரம் போஸ்டரோட நிறுத்திடாதீங்க. ஆயிரத்துல 12 பேருன்னு சொன்னேன்ல, அவங்கள்ல ஒருத்தர் உங்க தெருவுல இருக்கலாம். அந்த வாரம் அந்த வீட்டுல யாரும் பேசமாட்டாங்க. போய் உக்காந்து துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வைங்க. பாஸான பிள்ளைக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூணும் கையில இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா இ-சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. கவுன்சிலிங் ஃபார்ம் நிரப்ப லேப்டாப் இல்லைன்னா உங்க லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போங்க. பாஸ்வேர்டை அந்தப் பிள்ளை கையாலேயே ஒரு நோட்டுல எழுதி வாங்கி, அந்த வீட்டுலயே வெச்சுட்டு வாங்க. உங்க போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்காதீங்க.



#அரியலூர் #அரசுப்பள்ளி #கல்விநிதிஎங்கே