வென்றவர் கடன்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் எளியேனைப் 'போரும் அறமும்' பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். இஃது என் தகுதிக்கு மேற்பட்டதே. எனினும், கலிங்க மண்ணில் பிழைக்க வந்தவன் கலிங்கப் போரை அறியாதிருத்தல் முறையன்று என்றெண்ணி எழுந்தேன்.

போருக்கு வரம்பு வேண்டும் என்னும் எண்ணம் மிகப் பழையது. அம்பு தொடுக்குமுன் பசுக்களையும் அந்தணரையும் பெண்டிரையும் பிணியுற்றோரையும் பிள்ளைப்பேறு இல்லாதோரையும் அரண் சேருமாறு முன்னறிவித்த பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூற்றில் நெட்டிமையார் போற்றுகிறார். காயமுற்ற வீரரைக் காக்க 1864-இல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் பிறந்தது. 1949-இல் போரிடாத குடிமக்களுக்கும் காப்பு வந்தது.

இவை போர் மூளும்போது காக்கவேண்டிய நெறிகள். போர் முடிந்தபின் வென்றவன் கடன் யாது?

என் அலுவலகத்து ஒடிய நண்பர் ஒருவர், "உங்கள் இலக்கியத்தில் கலிங்கத்தைப் பற்றி ஏதேனும் உண்டா?" என்று ஒருநாள் வினவினார். எனக்கு நா எழவில்லை. கருணாகரத் தொண்டைமான் குலோத்துங்கனுக்காக இம்மண்ணில் பெற்ற வெற்றியைச் சயங்கொண்டார் பரணியாகப் பாடியதை அவரிடம் எவ்வாறு கூறுவது? மறுநாள் துணிந்து முழுவதும் கூறினேன். அவர் சினந்திலர், ஞாயிறன்று என்னைத் தௌலிக்கு அழைத்துச் சென்றார்.

அசோகன் முடிசூடி எட்டாண்டு ஆனபின், ஏறத்தாழக் கி.மு. 261-இல், கலிங்கத்தை வென்றான். அவனுடைய பதின்மூன்றாம் பாறைக் கட்டளையே கணக்குக் கூறுகிறது: பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டோர் 1,50,000, களத்தில் மடிந்தோர் 1,00,000, வேறு வகையில் இறந்தோர் அதனினும் பன்மடங்கு. வென்ற மன்னனே பகைவரின் இழப்பை எண்ணி வருந்திக் கல்லில் வெட்டுவித்தது உலக வரலாற்றில் அரிது.

ஆனால் அன்பர்களே, அக்கட்டளை கிர்நாரில் உண்டு, கால்சியில் உண்டு, ஷாபாஸ்கரியில் உண்டு, தௌலியில் இல்லை! கலிங்கத்தின் மற்றோர் இடமாகிய ஜௌகடாவிலும் இல்லை. இவ்விரண்டிடத்தும் 11, 12, 13 ஆகிய கட்டளைகளை விடுத்து, வேறு இரண்டைப் பொறித்துள்ளனர். குடிகள் யாவரும் தன் மக்களே என்றும், காரணமின்றி எவரையும் சிறையிடலாகாது என்றும் அவை அதிகாரிகளுக்கு அறிவுறுத்துகின்றன. நல்ல சொற்களே. வருத்தம் மட்டும் அங்கில்லை. ஆறாத புண்ணைக் கிளறலாகாதென மன்னன் கருதியிருக்கலாம். ஆட்சிக்கு ஊறு நேரும் என அஞ்சியுமிருக்கலாம். கொண்டுசெல்லப்பட்டோரைத் திருப்பி அனுப்பியதாகவும் அக்கட்டளையில் ஒரு சொல் இல்லை.

சரக்கு சேதமுற்றால் உரியவருக்கு அறிவித்தாக வேண்டும். ஊர் ஊராகக் கடிதம் எழுதிவிட்டு, உரியவருக்கு மட்டும் எழுதாதிருந்தால், அந்தக் கோப்பை மூட இயலுமா?

அசோகனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவன் ஏறிய உயரத்தில் பாதி ஏறிய மன்னரும் மிகச் சிலரே. ஆயினும் இன்னும் ஒரு படி இருந்தது. இழந்தவர் முகத்தை நோக்கிச் சொல்வதே அப்படி. பரணியைப் படித்துப் பெருமை கொள்ளும் நமக்கும் அது பொருந்தும். பரணியின் சொல்லழகை நாம் விடவேண்டுவதில்லை. அதில் மடிந்தவர்கள் நம் அண்டை வீட்டாரின் முன்னோர் என்பதை மறவாதிருந்தால் போதும்.

அடுத்த முறை நம் பிள்ளைகளைத் தௌலிக்கு அழைத்துச் செல்லுங்கால், பாறையில் உள்ளதைக் காட்டுங்கள்; அதில் இல்லாததையும் கூறுங்கள்.