குழந்தைக்குச் சோறூட்டும் காலம்

(கோவை மாவட்டத்தில் நடைபெற்ற ஊராட்சிப் பிரதிநிதிகள், உழவர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை நேர்த்தியைப் பற்றியும் சொட்டு நீர்ப் பாசனத்தைப் பற்றியும் பேசி முடித்த இம்மேடையில், கைக்குழந்தைக்கு எந்த மாதத்தில் சோறூட்டுவது என்பதைப் பற்றிப் பேச நான் வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இது பெண்டிர் விஷயமாயிற்றே, சமையற்கட்டில் பேசித் தீர்க்க வேண்டியதாயிற்றே என்றும் எண்ணலாம். நான் இதைப் பேச வந்ததற்குக் காரணம், ஒரு மூதாட்டிக்கு நான் பட்ட கடனேயாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் அன்னூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கிராம சபை கூடியிருந்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லி முடித்தேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் எழுந்தார். எழுபது வயதைக் கடந்தவர். "ஏனுங்க தம்பி, எம்பட மூத்தவளுக்கு மூணு மாசத்துல சோறூட்டச் சொன்னாங்க. சின்னவளுக்கு நாலு மாசம்னாங்க. இப்பப் பேத்தி புள்ளைக்கு ஆறு மாசம்ங்கறீங்க. இதுல எதுங்க நெசம்?" என்று கேட்டார். சபை சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டேன். அந்த அம்மையார் சிரிக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதும், அதற்கு விடை என்னிடம் இல்லை என்பதும் வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

அவர் கூறியதில் பொய் எதுவும் இல்லை. அரசாங்கமும் மருத்துவர்களும் சொல்லிவந்த மாதக் கணக்கு உண்மையிலேயே மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் குழந்தைக்கு ஏறக்குறைய ஓராண்டு நிறையும் வரை பாலைத் தவிரப் பிற உணவு வேண்டியதில்லை என்றனர். 1950களில் காற்று நேர் எதிர்த்திசையில் வீசிற்று. வால்ட்டர் சாக்கெட் என்னும் ப்ளோரிடா மாநிலத்து மருத்துவர், பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே தானியக் கூழைத் தொடங்கலாம் என்று எழுதினார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். புட்டிப் பாலும் டப்பா உணவும் நாகரிகம் என்று கருதப்பட்ட காலம் அது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே 1958ஆம் ஆண்டில், ஏறத்தாழ மூன்று மாதத்திற்கு முன் திட ஆகாரம் கொடுப்பதால் ஒரு நன்மையும் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அம்மையாரின் மூத்த மகளுக்குச் சொல்லப்பட்ட மூன்று மாதம் அக்காலத்துக் கணக்கு.

1974இல் பிரிட்டிஷ் அரசின் நிபுணர் குழு நான்கு மாதத்திற்கு முன் வேண்டாம் என்றது. 1979இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் கூடி, நான்கிலிருந்து ஆறு மாதத்திற்குள் தொடங்குக என்றன. நமது நாட்டிலும் குழந்தை உணவு விற்பனையைக் கட்டுப்படுத்த 1992இல் இயற்றப்பட்ட சட்டத்தில் நான்கு மாதம் என்றே இருந்தது. 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்று தீர்மானித்தது. அதையொட்டி 2003இல் நமது சட்டமும் திருத்தப்பட்டு, நான்கு என்பது ஆறாயிற்று. சின்னவளுக்கு நான்கும் பேத்தியின் பிள்ளைக்கு ஆறும் வந்த வரலாறு இதுவே.

இப்படி மாற்றிச் சொல்பவர்களை எப்படி நம்புவது என்று கேட்பீர்களானால், உங்கள் வயலையே சான்றாகக் காட்டுவேன். ஆனைமலைப் பகுதியில் நெல் நடும் உழவர்கள் முன்னாளில் இருபத்தைந்து, முப்பது நாள் நாற்றைப் பிடுங்கி நட்டார்கள். பின்னர்ச் செம்மை நெல் சாகுபடி வந்தபோது பதினான்கு நாள் நாற்றை ஒற்றையாக நடச் சொன்னோம். முன்பு சொன்னவர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் காலத்துச் சோதனை அவருக்கு அவ்வளவே காட்டிற்று. குழந்தை உணவிலும் அப்படியே சோதனை நடந்தது. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்னும் ஏழை நாட்டில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சாரார் குழந்தைகளுக்கு நான்கு மாதத்திலும், மற்றொரு சாராருக்கு ஆறு மாதத்திலும் உணவைத் தொடங்கினர். 1994இல் முடிவு வெளியாயிற்று. நான்கில் தொடங்கிய குழந்தைகள் கூடுதலாக வளரவில்லை. உண்ட அளவுக்குத் தாய்ப்பாலைக் குறைத்துக்கொண்டன, அவ்வளவே. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவு என்பதைப் பிற ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

செல்வ நாடுகள் சிலவற்றில் இன்றும் மருத்துவர்கள் நான்கு மாதம் நிறைந்தபின் தொடங்கலாம், ஆறு மாதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். அங்கே குழாயைத் திறந்தால் வரும் நீர் வேறு, இங்கே நமக்கு வரும் நீர் வேறு. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்று நீரையும், எப்போது கழுவியது என்று தெரியாத மேல்நிலைத் தொட்டி நீரையும் குடிக்கும் ஊரில், குழந்தையின் வாயில் நாம் வைக்கும் முதற் கரண்டியோடு அந்தத் தொட்டியும் சேர்ந்தே உள்ளே போகிறது. தொட்டியைக் கழுவிக் குளோரின் இடுவது ஊராட்சியின் வேலை. இவ்விஷயம் சமையற்கட்டோடு நின்றுவிடுவதன்று என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

ஆறாம் மாதம் என்பது நமக்குப் புதிதும் அன்று. அன்னப்பிராசனத்திற்கு மனு ஸ்மிருதி ஆறாம் மாதத்தையே குறிக்கிறது. கோவைப் பக்கத்துக் குடும்பங்கள் பல, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சோறூட்டக் குருவாயூருக்குப் போய்வருவதை நீங்கள் அறிவீர்கள். அதற்காகப் பழையன யாவும் நன்று என்று சொல்லவும் நான் ஒருப்படேன். பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் தொட்டுச் சேனை வைப்பதும், இடையிடையே தண்ணீர் புகட்டுவதும் பழைய வழக்கங்களே. அவை கைவிடத்தக்கவை. தேனை ஓராண்டு நிறையும் வரை காட்டவே கூடாது.

நிற்க. இதுவரை நான் கூறியது சீக்கிரம் கொடுப்பதன் தீங்கு. இன்று என் மனத்தை வருத்துவது மற்றொரு தீங்கு. அதில் நானே குற்றவாளி.

என் மகள் பிறந்தபோது நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் பணியாற்றி வந்தேன். 'ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்' என்ற சுவரொட்டி என் மேசைக்கு எதிரிலேயே ஒட்டப்பட்டிருந்தது. பட்டம் பெற்றவன் அல்லவா, அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். ஆறு மாதம் நிறைந்த வேளையில் குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் கண்டன. "ஒடம்பு தேறட்டும் கண்ணு, அப்பறம் ஊட்டிக்கலாம்" என்றார் குழந்தையின் அம்மிச்சி. எனக்கும் அது சரியாகப் பட்டது. பின்பு ஆடி மாதம் குறுக்கிட்டது. எட்டு மாதம் கடந்தபின் தொடங்கினோம். அதுவும் கஞ்சித் தெளிவு, இரண்டு சங்கு. அங்கன்வாடிப் பணியாளர் எடை பார்த்து அட்டையில் புள்ளியிட்டபோது, ஏறிக்கொண்டே வந்த கோடு இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்தது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது: "ஆறு மாசம் வரைக்கும்னு படிச்சீங்க சார். ஆறு மாசத்துல ஆரம்பிக்கோணும்னு யாருங்க படிக்கறது?"

சுவரொட்டியில் பாதி வாக்கியந்தான் இருந்தது. மறுபாதியை ஊர் முழுவதும் தவறவிட்டிருக்கிறது. 2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு முதல் எட்டு மாதம் வரையுள்ள குழந்தைகளில் தாய்ப்பாலோடு இணை உணவும் பெற்றவர்கள் நூற்றுக்கு 45.9 பேர்தாம். பாதிக்கும் மேற்பட்டோர் பெறவில்லை. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ளவர்களில் போதுமான உணவு பெற்றவர்கள் நூற்றுக்கு 11.3 பேர்.

ஆறாம் மாதத்தில் என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். தாயின் வயிற்றிலிருந்தபோது குழந்தை சேமித்துக்கொண்டு வந்த இரும்புச் சத்து அப்போது தீர்ந்துபோகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. இது தாயின் குறையன்று, இயற்கையின் ஏற்பாடு. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும். ஒன்பதிலிருந்து பதினொரு மாதத்தில் 300. ஓராண்டுக்குப் பின் 550. கஞ்சித் தெளிவில் இதைக் கொடுக்க முற்பட்டால் அச்சிறு வயிறு தண்ணீராலேயே நிரம்பிவிடும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதமே சரியான பதம். முதலில் வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி, நாளில் இரண்டு மூன்று வேளை. பின்னர் மெல்ல மெல்ல அரைக் கிண்ணம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

என்ன கொடுப்பது என்று கடையைத் தேடி ஓட வேண்டாம். நம் வீட்டு அரிசியும் பருப்பும் சோற்றைக் குழைய வேகவைத்து, ஒரு சிறு கரண்டி நெய்யோ கடலெண்ணெயோ விட்டு மசித்தால் அதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை. ராகியையோ கம்பையோ ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி வறுத்து அரைத்த மாவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. முளைக்கும்போது உண்டாகும் நொதி கூழின் கெட்டித்தன்மையைத் தளர்த்துவதால், அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைச் சேர்க்க முடியும். குழந்தையும் எளிதில் விழுங்கும். நம் கோவையிலேயே, இராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் அங்கே 'குழந்தை அமுது' என்னும் மாவு உருவாக்கப்பட்டது. தானிய மாவு, பாசிப்பயறு, நிலக்கடலை, வெல்லம் ஆகியவையே அதில் சேர்ந்தவை. எல்லாம் நம் காட்டில் விளைபவை. வெல்லத்தின் அளவை மட்டும் இன்று குறைத்துக்கொள்வது நலம். 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இனிப்பு மிகுந்தவற்றை விலக்கச் சொல்கிறது. முட்டை, இறைச்சி, மீன் ஆகியவற்றையோ கீரை, காய், கனிகளையோ தள்ளிப்போட வேண்டாம், தினமும் கொடுங்கள் என்றும் அதுவே சொல்கிறது. உண்ணும் வழக்கமுள்ள வீடுகளில் முட்டையும் நாட்டுக்கோழி ஈரலும் இரும்புக்கு நல்ல வழி.

நிலக்கடலையைப் பற்றி ஒரு வார்த்தை; அதை விளைவிப்பவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள், ஒவ்வாமை வரும் அபாயமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை கூடாது என்றார்கள். 2015இல் லண்டனில் முடிந்த ஆராய்ச்சி இதைத் தலைகீழாக்கியது. கைக்குழந்தைப் பருவத்திலேயே நிலக்கடலையைச் சிறிது சிறிதாக உண்டவர்களுக்கு, விலக்கி வைக்கப்பட்டவர்களைவிட ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஆனால் முழுக் கடலை மூச்சுக்குழலை அடைத்துவிடும். நன்றாக அரைத்துக் கூழிற் கலந்தே கொடுக்க வேண்டும். உடலில் கடுமையான கரப்பான் உள்ள குழந்தையாயின் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக.

வேலைக்குச் செல்லும் தாய்மாரின் துன்பத்தையும் சொல்ல வேண்டும். 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்த்தப்பட்டது. கணக்கிட்டுப் பாருங்கள், அது 182 நாள். ஆறு மாதத்திற்குச் சரியாக இருக்கிறது. ஆனால் அது நிறுவனத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவருக்கு. பல்லடம், சோமனூர்ப் பக்கத்தில் வீட்டுக்குள் விசைத்தறி ஓட்டும் பெண்ணுக்கும், தோட்டத்தில் களை வெட்டும் பெண்ணுக்கும் அந்த 26 வாரம் எங்கே? மூன்றாம் மாதத்திலேயே குழந்தை ஆத்தாவின் மடிக்கு வந்துவிடுகிறது. ஆதலின் தாய்க்கு மட்டும் பாடம் சொல்லிப் பயனில்லை. நாள் முழுதும் குழந்தையை வைத்திருப்பவர் ஆத்தாவும் அம்மிச்சியுமே.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் இணை உணவு மாவு வழங்கப்படுகிறது. அது வீட்டில் எல்லோருக்கும் பலகாரமாகிவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். கால்நடைத் தீவனத் தொட்டிக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் இம்மாதம் ஆறு மாதம் நிறையும் குழந்தைகள் எத்தனை பேர் என்று அங்கன்வாடிப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு சிற்றூரில் இரண்டோ மூன்றோ இருக்கும். அவ்வீடுகளுக்கு ஊராட்சி உறுப்பினர் ஒருவர் நேரிற் சென்று, சோறூட்டத் தொடங்கியாயிற்றா என்று கேட்க அரை மணி நேரம் போதும்.

அடுத்த எடை பார்க்கும் நாளன்று அந்த அன்னூர்ப் பக்கத்து ஊருக்கு நான் மீண்டும் செல்கிறேன். அம்மையார் நலமாக இருப்பதாக அறிந்தேன். உங்கள் ஊர்களிலும் அன்று தாய்மாரோடு பாட்டிமாரையும் அழைத்து வாருங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.